சுவாமிநாதன் வார்த்த மீன்கள்

சுவாமிநாதன் மீன் சாப்பிட மாட்டார். கேக் டப்பாவைக் கூடத் திருப்பிப் பின்பக்கம் முட்டை என்று எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். பாளையங்கோட்டைச் சைவப் பிள்ளைமார் வீட்டுப் பிள்ளை. அப்படிப்பட்டவர் சான் ஹோசேக்கு வந்த இரண்டாம் வருடம் தூண்டிலைக் கையில் எடுத்தார். எடுக்க வைத்தது நான். அதனால் இதை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்குக் காயல்பட்டினம். ஊரில் இரண்டு பேரும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் பிறந்து, ஒருவரை ஒருவர் தெரியாமலே வளர்ந்து, கடைசியில் ஒரே கட்டிடத்தின் இரண்டு பாதிகளில் குடியிருந்தோம். நடுவில் ஒரு சுவர். பின்னால் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கராஜ். இந்தப் பக்கம் நானும் மனைவி லத்தீஃபாவும் மகள் ரிதாவும். அந்தப் பக்கம் அவரும் மனைவி புஷ்பவல்லியும், தொண்ணூற்றொன்பது தொடக்கத்தில் பிறந்த அவர்கள் மகள் வெண்பாவும்.

அவருக்கு சன்னிவேலில் ஒரு கம்பெனியில் வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பது. "ஊர்ல குத்தம் கண்டுபிடிச்சா வாய்க்கொழுப்புன்னு அடிப்பானுவ. இங்க விசா குடுக்கான்" என்று சொல்லிச் சிரிப்பார். எதையும் ஒரு பட்டியல் போட்டு, ஒன்று ஒன்றாகச் சோதித்து, எண் கொடுத்து எழுதி வைத்தால்தான் அவருக்கு அது உண்மை.

தொண்ணூற்றெட்டு கோடையில் ஒரு சனிக்கிழமை, ஹாஃப் மூன் பேயிலிருந்து கிளம்பும் சால்மன் படகில் அவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். கடலைப் பார்க்க வருகிறேன் என்றுதான் வந்தார். படகில் ஆளுக்கு ஒரு தூண்டில், நடுவில் ஐஸ் தட்டில் நெத்திலி மாதிரி மீன்கள். நான் ஒன்றை எடுத்துக் கொக்கியில் கோத்ததைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு உசுரப் புடிக்க இன்னொரு உசுரக் கோக்கணுமா பாய்?"

"இது செத்து மூணு நாளாச்சுவே."

"செத்தாலும் அது உசுருதான்."

"அப்ப சால்மன் என்ன, சுரைக்காயா?"

"அது அதா வந்து கவ்வுதுல்லா. அது அதோட இஷ்டம்."

படகில் வேலை செய்த பையன் இதைக் கேட்டு என்ன புரிந்துகொண்டானோ, தன் பெட்டியிலிருந்து பழைய ஜிக் ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தான். ஜிக் என்பது காரீயத்தில் வார்த்த பொய் மீன். ஒரு பக்கம் சாயம், வாலில் ஒரு கொக்கி. இரை வேண்டாம், இரத்தம் வேண்டாம். கடலில் இறக்கித் தூண்டிலை ஒரு முழம் தூக்குவது, பிறகு தளர விடுவது, அவ்வளவுதான். சுவாமிநாதன் தூக்கினார், விட்டார். நான்காவது தடவை தூண்டில் வளைந்து தண்ணீரைத் தொட்டது. பதினான்கு பவுண்டு சால்மன். படகே கைதட்டியது. அவர் மட்டும் வெளிறிப்போய் நின்றார்.

அந்த மீன் என் வீட்டுக்கு வந்தது. அதற்கப்புறம் அவர் பிடித்த ஒவ்வொரு மீனும் என் வீட்டுக்குத்தான் வந்தது. லத்தீஃபா தேங்காய்ப்பால் விட்டு ஆணம் காய்ச்சுவாள். சுவர் வழியாக வாசனை போகும். மறுநாள் புஷ்பவல்லி வாசலில் வைத்துச் சொல்லுவாள்: "லத்தீஃபாக்கா, நேத்து உங்க வீட்டு மணத்துல இவர் தயிர்ச்சோறு ரெண்டு தடவ வாங்கிச் சாப்ட்டாரு. கேட்டா கடல் காத்து பசிக்குதுங்காரு."

பிறகு இரண்டு வருடம் அவர் வேறு எதைப் பற்றியும் பேசியதாக எனக்கு நினைவில்லை. கடையில் நூறு ஜிக் தொங்கினால் நூறையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். எது அழகு என்று பார்த்து வாங்குகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பாவமாக இருக்கும். "பாய், மீன் கடையில இல்ல, கீழ இருக்கு. அது என்னத்தப் பாக்கும்னு யோசியும்" என்பார். தூக்கும்போது ஜிக் தப்பி ஓடுகிற மீன். விடும்போது அடிபட்டுச் சாகிற மீன். சால்மன் ஓடுகிறதைத் துரத்தாது, சாகிறதைத்தான் கடிக்கும். ஆகவே ஒரு ஜிக்கைத் தேர்வு செய்வது என்றால் அது விழுகிற விதத்தைத் தேர்வு செய்வது. கனமாக இருந்தால் கல் மாதிரி நேராகப் போய்விடும். லேசாக இருந்தால் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும், மீன் இருக்கிற ஆழத்துக்கே இறங்காது. இரண்டுக்கும் நடுவில், இலை உதிர்கிற மாதிரி பக்கவாட்டில் அசைந்து அசைந்து விழ வேண்டும். நிறம் அதற்கப்புறம். மங்கின வெளிச்சத்துக்குக் கரும்பச்சை, கலங்கின தண்ணீருக்கு மஞ்சள்பச்சை, தெளிந்த தண்ணீரில் வெயில் ஏறினால் வெள்ளி. இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தார். ஒவ்வொரு ஜிக்குக்கும் ஒரு எண். எடை, வடிவம், நிறம், விழுகிற விதம், கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். சரியில்லாததற்கு நேரே சிவப்பில் 'ஃபெயில்'.

கடை ஜிக்குகள் பெரும்பாலும் ஃபெயில்தான் ஆயின. இரண்டாயிரத்தில் அவரே வார்க்க ஆரம்பித்தார்.

பழைய சாமான் கடையில் காரீயத் தகடு வாங்கினார். நகத்தால் கீறினால் கோடு விழுகிற, மெத்தென்ற காரீயம். கராஜில் முகாமுக்குக் கொண்டுபோகிற கேஸ் அடுப்பு ஒன்று, இரும்புச் சட்டி, அலுமினிய அச்சு. ஞாயிறு மதியம் உட்கார்ந்தால் ஐந்து மணி வரை வார்ப்பார். காற்று பட்டால் அச்சில் சரியாக ஓடாது என்று கதவை முக்கால்வாசி இறக்கி வைப்பார். மேலே படிகிற கசடைக் கரண்டியால் வழித்துத் தரையில் தட்டுவார். அச்சுக் கோட்டை அரத்தால் ராவுவார். சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி உதிரும். புஷ்பவல்லிக்கு அது ஏதோ உலோகம் என்றுதான் தெரியும், காரீயம் என்று தெரியாது. நானும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு அதைப் பார்த்தவன்தான். புகை கெடுதல் என்று தெரியும், மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வார். மாவைப் பற்றி இரண்டு பேருமே நினைக்கவில்லை.

அதை நினைக்காததற்கு ஒரு காரணம் உண்டு. செருப்பை வாசலில் கழற்றுகிற வீடுகள் எங்களுடையவை. பக்கத்து வெள்ளைக்காரர் ஷூ போட்டுக்கொண்டே கராஜுக்குப் போய், ஷூவோடு திரும்பி வந்து கதவருகில் கழற்றி வைப்பார். எங்கள் கணக்கில் கராஜ் வீட்டுக்கு உள்ளே. கூரை இருக்கிறது, துணி உலர்த்தும் மெஷின் அங்கேதான் இருக்கிறது, அரிசி மூட்டையும் அங்கேதான். அதனால் எல்லாரும் வெறுங்காலோடு போவோம், அதே காலோடு கார்ப்பெட்டில் நடப்போம். வெண்பா அந்தக் கார்ப்பெட்டில்தான் தவழ்ந்தாள், எழுந்தாள், விழுந்த பிஸ்கட்டைப் பொறுக்கித் தின்றாள்.

இன்னொன்றும் இருந்தது. வார்த்த ஜிக் எப்படி விழுகிறது என்று சாயம் பூசும் முன்பே தெரிய வேண்டும். கடலுக்குப் போய்ப் பார்க்க ஒன்றே கால் மணி நேரம் ஆகும். பாத்டப்பில் தண்ணீர் நிரப்பினால் இரண்டு நிமிடம். கொக்கி மாட்டாத வெறும் காரீய மீனை நூலில் கட்டி இறக்குவார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற நேரமும் அதுவாகவே இருக்கும். வெண்பா தண்ணீரில் உட்கார்ந்து, "மீனு! மீனு!" என்று கையைத் தட்டுவாள். அவளுக்கு நன்றாக வந்த முதல் சொற்களில் அது ஒன்று.

இரண்டாயிரத்து ஒன்று மார்ச்சில் இரண்டு வயதுப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். நான்கு நாள் கழித்துப் போன் வந்தது. ரத்தத்தில் காரீயம். பத்துக்குக் கீழே இருக்க வேண்டிய எண் இருபத்துநான்கு. கவுண்டி சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு நர்ஸ் செவ்வாய்க்கிழமை வீட்டைப் பார்க்க வருவார் என்றார்கள்.

அன்று சாயங்காலம் அவர் கராஜுக்குள் வந்து கதவை முழுக்க இறக்கினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"பாய், இது இங்கேருந்துதான்."

"சரி, சொல்லிருவோம். டாக்டர்ட்ட சொன்னா அவங்களே வழி சொல்லுவாங்க."

"சொல்லவா? என்ன வெளையாடுதீரா? நியூஜெர்சில அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆச்சுன்னு கேட்டீருல்லா?"

கேட்டிருந்தேன். கேட்காத தமிழர் அப்போது இல்லை. குழந்தை கட்டிலிலிருந்து விழுந்து கை முறிந்ததாம், ஆஸ்பத்திரியில் பெற்றவர்கள் மேல் சந்தேகப்பட்டார்களாம், கவர்ன்மென்ட் ஆட்கள் வந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். அந்தக் குடும்பத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் அவர்களைத் தெரிந்த ஒருவரைத் தெரிந்திருந்தது. போதாததற்கு அவருடைய கிரீன் கார்டு விண்ணப்பம் அப்போதுதான் முதல் படியைத் தாண்டியிருந்தது. கம்பெனியில் வெள்ளிக்கிழமைதோறும் பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கவர்ன்மென்ட் காகிதம் எதிலாவது நம் பெயர் ஏறினால் போதும், எல்லாம் போய்விடும் என்ற பயத்தில் தூங்கி எழுந்தவர்கள் நாங்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்ததால்தான் அவர் அடுத்துக் கேட்டதற்கு நான் தலையாட்டினேன்.

"உம்ம வேன்ல கொஞ்ச நாளைக்கு வெச்சுக்கிடும். சட்டி, அச்சு, தகடு எல்லாம். செவ்வாய்க்கெழம போனதும் ஒழிச்சிருவோம்."

சனிக்கிழமை அவர் கராஜைச் சுத்தம் செய்தார். மூலை முடுக்கெல்லாம் துடைப்பத்தால் பெருக்கினார். பிறகு வீட்டு வாக்குவம் க்ளீனரை இழுத்து வந்து ஒரு மணி நேரம் உறிஞ்சினார். தரை கண்ணாடி மாதிரி ஆனது. சாமான்களை என் வேனின் பின்பக்கம் ஏற்றி மேலே பழைய போர்வையைப் போர்த்தினோம். வாக்குவத்தை அவர் திரும்பக் கொண்டுபோய் ஹாலில் வைத்தார்.

நர்ஸ் நல்ல பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். வாசலில் ஷூவைக் கழற்றச் சொல்லாமலே கழற்றினார். புஷ்பவல்லி என்னையும் லத்தீஃபாவையும் கூட இருக்கச் சொல்லியிருந்தாள். ஒரு கருவியைச் சுவர், ஜன்னல், கதவு என்று வைத்து வைத்துப் பார்த்தார். சாயத்தில் ஒன்றுமில்லை. கராஜை எட்டிப் பார்த்து, இவ்வளவு சுத்தமான கராஜைத் தான் பார்த்ததில்லை என்றார். பிறகு மேசையில் உட்கார்ந்து ஒரு நீளமான தாளிலிருந்து கேள்விகளைப் படித்தார். நாட்டு மருந்து கொடுப்பீர்களா? மண் பாத்திரம் உண்டா? வீட்டில் யாராவது பாட்டரி, ரேடியேட்டர் வேலை செய்கிறார்களா? யாராவது பொழுதுபோக்காக வண்ணக் கண்ணாடி வேலை செய்வது, தோட்டா வார்ப்பது, மீன்பிடிக் குண்டு வார்ப்பது உண்டா?

புஷ்பவல்லியும் லத்தீஃபாவும் அடுக்களையில் காபி கலந்துகொண்டிருந்தார்கள்.

"நோ" என்றார் சுவாமிநாதன்.

நான் என் காபிக்குக் காத்திருக்கிறவன் மாதிரி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் தாளை மடக்கிவிட்டு அடுக்களைக்குப் போனார். மஞ்சள்பொடி, மிளகாய்ப்பொடி, சாம்பார்ப்பொடி ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துப் பையில் போட்டுப் பெயர் எழுதினார். புஷ்பவல்லியின் அம்மா விளக்குப் புகையில் செய்து அனுப்பிய கண்மை டப்பியை எடுத்தார். அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த ஈயச் செம்பைப் பார்த்ததும் அவர் கண் அதிலேயே நின்றது. ரசம் வைக்கிற செம்பு. வெள்ளீயத்தில் செய்வது, நம் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். சாம்பல் நிறம், கனம், மெத்தென்ற உலோகம். இதில் தினமும் சமைப்பீர்களா என்று கேட்டார். புஷ்பவல்லி ஆமாம் என்றாள். குழந்தைக்குமா? ஆமாம், ரசம் சாதம்தான் அவள் விரும்பிச் சாப்பிடுவது. புளி சேர்ப்பீர்களா? ஆமாம். நர்ஸ் செம்பையும் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார். முடிவு வர மூன்று வாரம், அதுவரை இது எதையும் பயன்படுத்த வேண்டாம், தரையை ஈரத் துணியால் துடையுங்கள் என்றார்.

அந்த மூன்று வாரத்தில் புஷ்பவல்லி பாதியாகிப் போனாள். செம்பு அவள் கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்தது. ஊருக்குப் போன் போட்டு, எந்தக் கடையில் வாங்கினீர்கள், கலப்படம் உண்டா என்று அழுதுகொண்டே கேட்டாளாம். அம்மா அந்தப் பக்கம் அழுதாளாம். பொடி டப்பாக்களையெல்லாம் குப்பையில் கொட்டினாள். வெண்பாவுக்கு வெறும் பாலும் வாழைப்பழமும் ரொட்டியும். குழந்தை ரசம் கேட்டு அழும். கண்ணை ஒரு நாளைக்கு நான்கு தடவை கழுவிவிடுவாள்.

"என் புள்ள கண்ணுல நானே வெசத்தத் தீட்டியிருக்கேன்க்கா. நானே ஊட்டியிருக்கேன்" என்று லத்தீஃபா மடியில் விழுந்து அழுதாள். நான் அந்த அறையை விட்டு வெளியே போனேன். நர்ஸ் துடைக்கச் சொன்னதற்கு மேலே, புஷ்பவல்லி காலையும் மாலையும் கார்ப்பெட் முழுக்க வாக்குவம் ஓட்டினாள். சுவர் வழியாக அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மறுபடி படகு ஏறினோம். நான் வரவில்லை என்றேன். "திடீர்னு போறத நிறுத்துனா அவ யோசிப்பா பாய்" என்றார். பனிமூட்டமான காலை. என் தூண்டிலுக்கு ஒரு திருகு வளையம் வேண்டியிருந்தது. அவர் முன்பக்கம் நின்றிருந்தார், நானே அவர் பெட்டியைத் திறந்தேன். ஜிக்குகள் வரிசையாக, எடைவாரியாக. அடித்தட்டில் ஒரு கவர். கவுண்டி முத்திரை. மூன்று வாரத்துக்கு முந்தின தேதி. பொடிகளில் காரீயம் இல்லை. கண்மையில் இல்லை. செம்பு சுத்தமான வெள்ளீயம், காரீயம் இல்லை. வந்து பெற்றுக்கொள்ளலாம்.

கவருக்கு அடியில் சாயம் பூசாத ஒரு சின்ன ஜிக் கிடந்தது. இரண்டு அவுன்ஸ். அதன் முதுகில் வரிசையாகச் சின்னப் பள்ளங்கள். சால்மன் கடித்த தடம் எனக்குத் தெரியும், அது கீறல் கீறலாக இருக்கும். இது அப்படி இல்லை. மேலே நான்கு, கீழே நான்கு. அரிசி முனை அளவு.

அவர் திரும்பி வந்து என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"வீட்ல சொன்னீரா?" என்றேன்.

"அடுத்த டெஸ்ட் வரட்டும். ரிசல்ட் இன்னும் வரலன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"அந்தப் புள்ள தெனம் அழுதுவே. தன்னால ஆச்சுன்னு நெனச்சு அழுது. லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு."

"பாய், வார்க்குறத நிறுத்தியாச்சு. கராஜ் க்ளீன். சோர்ஸ் இல்ல. பக் ஃபிக்ஸ் பண்ணியாச்சு, ரீடெஸ்ட்தான் பாக்கி. ஜூன்ல நம்பர் எறங்கிரும். எறங்கிட்டா எல்லாம் க்ளோஸ். அப்புறம் எதுக்கு அவள்ட்ட சொல்லி…" என்று நிறுத்தினார். பிறகு, "நீரும் அன்னைக்கு மேசையிலதான இருந்தீரு" என்றார்.

 அன்று இரண்டு பேரும் மீன் பிடிக்கவில்லை. வேனின் பின்னால் அந்தச் சட்டியும் தகடும் இன்னும் போர்வைக்கு அடியில் இருந்தன. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவை ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்டது.

ஜூன் முதல் வாரம் மறுபரிசோதனை. எண் இறங்கவில்லை. நாற்பத்தேழு.

நாற்பத்தைந்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தத்திலிருந்து காரீயத்தைப் பிரித்து வெளியேற்றுகிற மருந்து கொடுக்க வேண்டும். நான்தான் வேன் ஓட்டினேன். சுவாமிநாதன் என் பக்கத்து சீட்டில். லத்தீஃபா ரிதாவோடு வீட்டில் இருந்தாள். புஷ்பவல்லி பின்சீட்டில் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, வழி முழுக்க ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள்: "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேனே. ஒண்ணு பாக்கி இல்லாமப் போட்டுட்டேனே. இன்னும் என்ன இருக்கு?" அவளுக்கு ஒரு முழத்துக்குப் பின்னால், போர்வைக்கு அடியில் அது இருந்தது.

டாக்டர் இளம்பெண். சுற்றி வளைக்காமல் பேசினார். மருந்து கொடுக்கத் தொடங்கலாம். ஆனால் ஒன்று: வீட்டில் காரீயம் இருக்கும்போது இந்த மருந்தைக் கொடுத்துக் குழந்தையைத் திரும்ப அந்த வீட்டுக்கே அனுப்பினால், உடம்பு இன்னும் அதிகமாக அதை இழுத்துக்கொள்ளும். எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். பொடி இல்லை, கண்மை இல்லை, செம்பு இல்லை என்று ரிப்போர்ட் சொல்கிறது. பிறகு எது?

"செம்பு இல்லையா?" என்று புஷ்பவல்லி என்னைப் பார்த்துக் கேட்டாள். "டாக்டர் என்ன சொல்லுதாங்க அண்ணே? செம்புல இல்லையா?"

நான் சுவாமிநாதனைப் பார்த்தேன். அவர் சட்டைப்பையில் கைவிட்டு அந்தச் சின்ன ஜிக்கை எடுத்தார். டாக்டரின் மேசையில் வைத்தார். பிறகு சொன்னார். முழுக்க இங்கிலீஷில் சொன்னார். கராஜில் வார்ப்பது, பாத்டப்பில் சோதிப்பது, ஜனவரியில் ஒருநாள் குழந்தை கையில் இதைப் பார்த்தது, வாயிலிருந்து பிடுங்கியது, நர்ஸிடம் இல்லை என்றது, கடிதம். கம்பெனி மீட்டிங்கில் ஒரு தவறை விளக்குகிற குரல். தேதி, வரிசை, எதையும் விடவில்லை. மனைவி இருந்த பக்கம் மட்டும் ஒரு தடவையும் திரும்பவில்லை.

டாக்டர் நன்றி என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். போன் பண்ண வேண்டும், படுக்கை ஏற்பாடு செய்ய வேண்டும். அறையில் நாங்கள் மட்டும்.

புஷ்பவல்லி திருநெல்வேலியில் இங்கிலீஷ் லிட்டரேச்சர் படித்தவள். கடைகளில் பேசக் கூச்சப்படுவாளே தவிர, ஒரு சொல் தவற விடமாட்டாள். மேசை மேல் இருந்ததை எடுத்தாள். அதன் முதுகைக் கட்டைவிரலால் தடவினாள். மடியில் இருந்த வெண்பா அதைப் பார்த்துக் கை நீட்டினாள்.

"மீனு."

புஷ்பவல்லி அதைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் தூக்கி என்னிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது என் கண்ணைப் பார்த்தாள். நானும் அந்த மேசையில் இருந்தேன் என்பது அப்போது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. பிறகு கணவனைப் பார்த்தாள்.

"டாக்டர்ட்ட சொல்லிட்டிய. என்ட்ட எப்பச் சொல்லுவிய?"

"இப்பத்தானே சொன்னேன். நீயும் இங்கதானே…"

"அது டாக்டருக்கு. எனக்குச் சொல்லுங்க. தமிழ்ல சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். இரண்டு தடவை திறந்தார். "புஷ்பா, நான்…" என்பதற்கு மேல் வரவில்லை. சற்று முன் அவ்வளவு ஒழுங்காகச் சொன்ன மனிதருக்கு ஒரு வாக்கியம் கூட வரவில்லை. நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன்.  அந்த ஜிக் என் கையில்தான் இருந்தது.

யாரும் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த நர்ஸ் மறுநாளே வந்தார். பொய் சொன்னதற்காகக் குரலை உயர்த்தக்கூட இல்லை. கருவியைக் கராஜ் தரையில், கார்ப்பெட்டில், கடைசியில் வாக்குவம் க்ளீனரின் பையில் வைத்தார். பையைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். சாதாரண வாக்குவம் இந்த மாவைப் பிடித்து வைக்காது, பின்பக்கமாக ஊதி வெளியே தள்ளும் என்று விளக்கினார். கராஜில் கிடந்ததை அந்தச் சனிக்கிழமை உறிஞ்சி, ஹாலுக்குக் கொண்டுவந்து, பிறகு தினமும் இரண்டு வேளை படுக்கையறை வரை தூவியிருக்கிறோம். அதைத் தூவியவள் புஷ்பவல்லி. பிள்ளைக்காகத்தான் தூவினாள். நர்ஸ் அதை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் குழந்தையின் துணி எடுக்க வந்திருந்த அவள் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரிதாவுக்கும் பரிசோதனை செய்தோம். ஆறு. அந்தத் தாளை வாங்கும்போது லத்தீஃபா என் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். வேனில் இருந்தது பற்றி அவளிடம் அதற்கு முந்தின இரவுதான் சொல்லியிருந்தேன். "நீங்க மூணு மாசமா என்னை எதுல ஏத்தி இறக்குனீங்க?" என்று கேட்டாள். அதன்பின் சில வாரங்கள் தேவைக்கு மேல் பேசவில்லை.

கார்ப்பெட்டை உரித்து எடுத்தார்கள். அன்று போன புஷ்பவல்லி அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. சுவாமிநாதன் இர்விங்கில் ஒரு வேலை பார்த்துக்கொண்டு ஆகஸ்டில் டெக்சஸ் போனார். அவர்களும் கூடப் போனார்கள். மூன்றாவது மாடி அபார்ட்மென்ட், கராஜ் கிடையாது. நர்ஸ் திருப்பிக் கொடுத்த செம்பு, பெயர் எழுதிய பிளாஸ்டிக் பையோடு போனது. அதில் அவள் இப்போது சமைக்கிறாளா என்று தெரியவில்லை. வெண்பாவின் எண் முப்பத்தொன்று, இருபத்தாறு, பத்தொன்பது என்று இறங்கிக்கொண்டிருக்கிறது. எண் இறங்கும், ஆனது ஆனதுதான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவள் வயதுப் பிள்ளைகள் முழு வாக்கியம் பேசுகிறார்கள். அவளுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான். மாதம் ஒரு தடவை சுவாமிநாதன் போன் பண்ணுவார். வெண்பாவின் எண்ணைச் சொல்லுவார். நான் "அல்ஹம்துலில்லாஹ்" என்பேன். அவர் "சரி பாய்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. ஒரே ஒரு தடவை, "புஷ்பாட்ட சொல்லிட்டீரா?" என்று கேட்டேன். "தெனம் காலைல சொல்லணும்னு எந்திரிக்கேன்" என்றார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஜூனிலேயே வேனிலிருந்து இறக்கிக் கட்டி வைத்திருந்த சாமான்களை ஏற்றிக்கொண்டு, ஆபத்தான குப்பைகளைக் கவுண்டி வாங்கிக்கொள்கிற இடத்துக்கு வேனை ஓட்டிப் போனேன். வெள்ளை அங்கி போட்ட ஆள் கையுறையோடு ஒவ்வொன்றாக எடுத்தார். சட்டி, அச்சு, தகடு, நாற்பதுக்கு மேல் ஜிக்குகள். அடியில் அந்த நோட்டு. காரீய மாவு படிந்ததால் அதையும் போட வேண்டும் என்றார். ஒரு நிமிடம் கேட்டு வாங்கிப் பிரித்தேன். கடைசிப் பக்கம். எண் அறுபத்தொன்று. எடை, இரண்டு அவுன்ஸ். நிறம், இன்னும் பூசவில்லை. விழுகிற விதம், மிக நன்று. குறிப்பு என்ற கட்டத்தில், அவருடைய குண்டு குண்டான தமிழில்: வெண்பாவுக்குப் பிடித்திருக்கிறது.

"இதெல்லாம் யாருடையது?" என்று படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆள் கேட்டார்.

"என்னுடையது" என்றேன். என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.